உறைபனி காட்டிய ஊர்

செங்கல் சூளையை விட்டு நடக்கத் தொடங்கி மூன்றாவது நாள், ஒரு கால்வாய்க் கரையோரம் போய்க்கொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு சவரக் கத்தி, பாதிப் பாண் ரொட்டி. அன்று காலையில் மட்டும் மழை, வெயில், ஆலங்கட்டி, மறுபடி வெயில் என்று நான்கு காலநிலை என் தலையில் இறங்கிவிட்டன. வட ஜெர்மனியில் ஏப்ரல் மாதம் அப்படித்தான். தொப்பியைப் போட்டால் வெயில் எரிக்கும், கழற்றினால் ஆலங்கட்டி குட்டும்.

சூளையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாரோடும் சண்டை இல்லை. ஒன்பது மாதம் ஒரே இரும்புக் கதவைத் திறந்து மூடினேன். ஒரு நாள் காலையில் அந்தக் கதவைப் பார்த்தேன், போதும் என்று பட்டது. அதற்கு முன் கொழும்பிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் எண்ணெய் போடுகிறவனாக வந்து, பிரேமன் துறைமுகத்தில் கணக்கு முடித்துக்கொண்டு இறங்கியவன் நான். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. படுக்க இடமில்லாத இரவுகளில் வைக்கோல் கொட்டில்களில் படுத்தேன். நனைந்தால் நடந்து காய்ந்தேன். அதையெல்லாம் கஷ்டம் என்று அப்போது நினைத்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் எங்கள் நகரத் தமிழ்ச் சங்கத்தில் காட்டிய ஒரு படம். ஆளில்லாத சிறு விமானத்தில் கமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, நிலத்துக்குள் மறைந்துபோன பழைய ஊர்களைக் கண்டுபிடிக்கிறார்களாம். அப்படி ஓர் ஊரை நாங்களும் ஒருமுறை கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட்டேன். "அந்தக் காலத்தில நீங்கள் இதை எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். வாயால் சொல்லத் தொடங்கினேன், தேநீர் ஆறிப்போயிற்று. ஆகவே எழுதுகிறேன்.

கால்வாய் திரும்பும் இடத்தில் வானத்தில் நான்கு கரும்புகை நின்றது. கப்பல்கள் என்றுதான் நினைத்தேன். புகையை நோக்கி இரண்டு மணி நேரம் நடந்தேன். கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த சதுப்பு நிலம். அதன் இந்தக் கரையில் இரண்டு, அந்தக் கரையில் இரண்டு என நான்கு நீராவி எஞ்சின்கள். அவற்றுக்கு நடுவே, உருக்குக் கம்பிவடத்தில் கட்டி இழுபட்டு, ஒரு கலப்பை வந்துகொண்டிருந்தது. கலப்பை என்றால் மாடு இழுக்கும் கலப்பை அல்ல. ஒரு சிறிய வீடு அளவு. அது போன பாதையில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்து, மேலே கிடந்த கரிமண் கீழேயும், கீழே கிடந்த மணல் மேலேயுமாகப் புரண்டது. அந்தக் கரிமண்ணை வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். ஆனால் அதில் பயிர் சரியாக வராது. மணலோடு புரட்டினால்தான் வயலாகும். சதுப்பு முழுவதையும் அப்படி வயலாக்கிப் புதிய குடியிருப்புகள் போடுவது அன்றைய அரசாங்கத்தின் திட்டம்.

அந்தக் கலப்பைக் கூட்டத்தின் தலைவர் பெயர் ஹின்ரிக். அறுபது வயது. எண்ணெயும் கரியும் பூசிய அந்த இடத்தில் அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டி மட்டும் எப்போதும் வெள்ளை. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். எஞ்சினில் நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் அமுக்கமானிக் கண்ணாடியை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகுதான் வாய் திறக்கும்.

"என்ன வேலை செய்தனீ?"

"கப்பலில, ஐயா."

தட்டினார். "ஆழம் பார்ப்பியோ?"

"ஓம்," என்றேன். கப்பலில் மற்றவர்கள் ஆழம் பார்ப்பதை நான் பார்த்திருந்தேன்.

அவர்கள் பேசியது ஜெர்மன், அதுவும் தட்டை ஜெர்மன் என்கிற அந்தப் பகுதியின் வட்டாரப் பேச்சு. எனக்கு அவர்கள் குரல் நினைவில் நிற்பது என் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

எனக்குக் கொடுத்தது மூன்று மீற்றர் நீளமான ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. கலப்பை வரப்போகும் நிலத்தில் இருபது அடி எடுத்து வைத்துக் கம்பியைக் குத்தவேண்டும். கரிமண்ணுக்குள் வெண்ணெயில் கத்தி போலப் போகும். மணலைத் தொட்டதும் உள்ளங்கையில் ஒரு நறநறப்பு ஏறும். அங்கே நிறுத்தி, ஆழத்தை ஒரு மரமுளையில் எழுதி நட்டுவிட்டு அடுத்த இருபது அடி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கலப்பையின் வாயை எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்வார்கள். எவ்வளவு குளிரானாலும் கையுறை போடக்கூடாது. "கையுறைக்குக் காது கேளாது" என்பார் ஹின்ரிக்.

அவர் கத்துகிறவர் அல்ல. நான் நட்ட பத்து முளைகளில் ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தானே கம்பியைக் குத்திப் பார்ப்பார். இரண்டு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பத்தையும் பிடுங்கிக்கொண்டு போய், நாங்கள் படுக்கும் மர வண்டியில் என் படுக்கைமேல் வரிசையாக அடுக்கிவிடுவார். மறுநாள் காலை எல்லோருக்கும் கை கொடுப்பதுபோல எனக்கும் கை கொடுப்பார். முதல் வாரம் மூன்று முறை என் படுக்கையில் முளைகள் கிடந்தன. இரண்டாவது வாரம் ஒரு முறை. அதன் பிறகு இல்லை. கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

எங்களுக்குக் காலையில் பால் கொண்டுவருகிறவள் அல்முட். ஐம்பது வயது இருக்கும். அகன்ற தோள், கால்வாயின் மறுகரையில் கேட்கும் சிரிப்பு. சதுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு பண்ணையில் முப்பது வருடமாகப் பால் கறக்கும் வேலை. சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கலங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள்.

"கப்பல்காரா, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று தினமும் என்னைக் கேட்பாள்.

"அலை இல்லை அக்கா, சேறுதான்," என்பேன். அக்கா என்ற சொல்லை அவளுக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை. பாலை இறக்கி வைத்துவிட்டு ஹின்ரிக்கிடம் போனாள். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஸ்வார்ஸன்பூலை எப்ப உழப்போறியள்?"

ஸ்வார்ஸன்பூல் என்பது எங்களுக்கு ஒரு துண்டு நிலத்தின் பெயர் மட்டுமே. அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்தது என்று அன்றுதான் அறிந்தேன். நிலமில்லாத ஏழைக் குடும்பங்கள் பதினொன்று, ஆள் இல்லாத சதுப்புக்குள் முதல் குடிகளாக வந்து, ஒரு வாய்க்கால் வெட்டி, வாய்க்காலிலிருந்து உள்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வீடு போட்டிருந்தார்கள். வசந்தத்தில் சதுப்பின் மேல்தோலை எரித்து, அந்தச் சாம்பலில் புக்வைட்சன் என்ற முக்கோண விதைத் தானியத்தை விதைப்பார்கள். அது உறைபனி தாங்காத பயிர். சதுப்பில் மே மாதத்திலும் பனி உறையும். ஒரு காலை போதும், முழு வயலும் வெந்த கீரைபோலத் துவண்டுவிடும். இரண்டு மூன்று வசந்தம் அப்படிப் போனதும் சிலர் அமெரிக்காவுக்கும் சிலர் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனார்கள். கடைசிக் குடும்பங்களில் ஒன்று அல்முட்டினுடையது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

அவளுடைய விஷயம் இதுதான். உழுது முடித்த நிலத்தில் புதிய குடியிருப்புத் துண்டுகளைப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். தனி ஆளான பால்காரிக்குப் பட்டியலில் இடமில்லை. ஆனால் பழைய குடியின் பிள்ளை, தன் குடும்பத்தின் வீடு நின்ற இடத்தைக் காட்டினால், அந்தத் துண்டை முதலில் கேட்கும் உரிமை உண்டு. அவள் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்திருந்தாள். பத்திரங்கள் யுத்தத்தில் எரிந்துவிட்டன. நில அலுவலர் நல்ல மனிதர். "பதினொரு வீட்டில் உங்கடை எது எண்டு நிலத்தில காட்டுங்கோ, கையெழுத்துப் போடுறன்," என்று சொல்லியிருந்தார்.

"வாய்க்காலில இருந்து நாலாவது," என்றாள் அல்முட். "முதல் வீட்டில கடிக்கிற நாய். ரெண்டாவதில செவிட்டுக் கிழவர். மூண்டாவதில எப்பவும் கத்துற தாய். நாலாவது எங்கட. நான் எண்ணி எண்ணித்தான் வீட்டை வாறது. ஆனா இப்ப போய்ப் பார்த்தா ஒண்டுமில்லை. கறுப்பு, கறுப்பு, கறுப்பு."

உண்மைதான். உழுவதற்காக மார்ச் மாதத்திலேயே செடிகளை வெட்டி எரித்திருந்தார்கள். முழு நிலமும் கரும்பலகை போலக் கிடந்தது. இடிந்த சுவர் இல்லை, மரம் இல்லை. பழைய வாய்க்கால் மட்டும் ஓர் ஓரத்தில் பாதி தூர்ந்து தெரிந்தது.

ஹின்ரிக் அமுக்கமானியைத் தட்டினார். எஞ்சினில் அப்போது நெருப்பே இல்லை. "மே பதினாறு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அதுவரைக்கும் வேலை முடிஞ்சாப்பிறகு கம்பி சும்மாதான் கிடக்கும்."

அவரிடமிருந்து அதைவிடப் பெரிய ஆமாம் கிடைக்காது.

ஐந்து நாள் குத்தினேன். வேலை முடிந்த பிறகும், வேலைக்கு முன்பும். ஒன்றும் அகப்படவில்லை. தவறு என்னுடையது. வீடு என்றால் கல் அத்திவாரம் இருக்கும் என்று என் மண்டைக்குள் இருந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் பிறந்த யாழ்ப்பாணத்தான் நான். கம்பி கல்லில் 'டங்' என்று இடிக்கும் என்று காத்துக்கொண்டே குத்தினேன். கல்லே இல்லாத சதுப்பில் ஏழைகள் கல்லுக்கு எங்கே போவார்கள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் சாமுவேலைச் சொல்லவேண்டும். நாகர்கோவில்காரர், ஹனோவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். சதுப்பில் வசந்தகால உறைபனி எப்படி விழுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஸ்வார்ஸன்பூலில் மூன்று இடத்தில் நிலத்தோடு ஒட்டி வெப்பமானிகள் வைத்துவிட்டு, எங்கள் வண்டிகளில் ஒன்றில் தங்கியிருந்தார். இரண்டு தமிழர்கள் அந்தப் பொட்டலில் சந்தித்துக்கொண்டது கூட்டத்துக்குப் பெரிய வேடிக்கை. நாங்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே இருவர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

"அண்ணே, இந்த மூணாவது தெர்மாமீட்டர் சனியன் பிடிச்சது. மத்த ரெண்டைவிட எப்பவும் ரெண்டு டிகிரி ஜாஸ்தி காட்டுது. மூணு தடவை மாத்திட்டேன். என் புரொஃபசர் என்னைத்தான் மாத்தப் போறார்."

"மாத்தினாப்பிறகும் சூடோ?"

"அதேதான். புதுசு வெச்சாலும் ஹாட்டு."

"அப்ப பிழை வெப்பமானியில இல்லைத் தம்பி. நிலத்தில."

சொல்லிவிட்டேனே தவிர அதன் பொருள் எனக்கே விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கம்பியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு ஓடினேன். மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன். ஒரு சாண் போனதும் உள்ளங்கையில் லேசான நறநறப்பு. அடுத்த கணம் மறுபடி வெண்ணெய். ஐந்து நாளாக இப்படியான நறநறப்பை எத்தனை முறை அசட்டை செய்தேனோ தெரியாது. கையால் தோண்டினேன். கறுப்பு மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் தடிப்பில், சீனி போல வெள்ளை மணல்.

அல்முட் அதைப் பார்த்ததும் பால் கலத்தைக் கீழே வைத்தாள். "நிலம்," என்றாள். "வீட்டுத் தரை. சுவர் எல்லாம் கரிமண் கட்டி. அது கரைஞ்சு போயிருக்கும். ஆனா நிலத்துக்கு மட்டும் அப்பா தூரத்து மேட்டில இருந்து வண்டியில மணல் கொண்டுவந்து போட்டவர். எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்."

ஒரு வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அது பதினொன்றில் எது? மூன்றாவதா, ஏழாவதா? வாய்க்காலுக்கும் அதற்கும் இடையில் மற்ற வீடுகள் எங்கே? வரிசை நேரா, வளைவா? இன்னும் இரண்டு நாள் குத்தினேன். அந்தப் பரப்பில் ஓர் அறை அகலமான மெல்லிய மணலைக் கம்பியால் தேடுவது வைக்கோலில் குண்டூசி தேடுவதுதான்.

வழியைச் சொன்னவர் சாமுவேல். "அண்ணே, கரிமண் கீழ இருக்கிற சூட்டை மேல விடாது. மணல் விடும். அதான் இங்க ரெண்டு டிகிரி. ஒரு நல்ல ஃப்ராஸ்ட் விழுந்தா கரிமண் எல்லாம் வெள்ளையாயிடும். மணல் இருக்கிற இடம் மட்டும் கறுப்பாவே நிக்கும். மேப் போட்ட மாதிரி தெரியும்."

"அப்ப பனி விழவேணும்."

"விழணும். பதினஞ்சாம் தேதிக்குள்ள."

ஜெர்மனியில் மே பதினொன்று முதல் பதினைந்து வரை பனிப் புனிதர்களின் நாட்கள் என்பார்கள். வசந்தத்தின் கடைசிக் குளிர் அந்த நாட்களில் வரும் என்பது நம்பிக்கை. கடைசி நாளுக்கு உரியவள் சோபி, அதாவது குளிர் சோபி. அவள் போகும்வரை எந்த விவசாயியும் மென்மையான கன்றுகளை வெளியே நட்டுவைக்கமாட்டான். எல்லோரும் பனி வரக்கூடாது என்று வேண்டும் அந்த ஐந்து நாளில், எங்கள் கூட்டம் மட்டும் பனி வரவேண்டும் என்று வேண்டியது. தேவாலயத்தில் அல்முட்டின் பண்ணைக்காரர் தன் உருளைக்கிழங்குக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற அல்முட் உறைபனிக்காக ஒன்று ஏற்றினாள்.

"எது பெரிய திரி?" என்று எஞ்சின்காரர் ஒருவர் கேட்டார்.

"அவரின்ரைதான் பெரிசு. நான் ரெண்டு கொளுத்தினனான்."

பதினோராம் தேதி மழை. பன்னிரண்டு, காற்று. பதின்மூன்று, மூடுபனி. கைவிரல் தெரியாத மூடுபனி, ஆனால் இளஞ்சூடு. பதினான்கு, முகில். ஒவ்வொரு காலையும் சாமுவேல் வெப்பமானிகளிடமிருந்து தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார். "புனிதர்களுக்கும் உங்களுக்கும் ஏதும் தகராறோ தம்பி?" என்று கேட்டேன். "நான் சி.எஸ்.ஐ. அண்ணே. இவங்க கேட்டலிக் புனிதர்கள். நம்ம லெட்டர் போய்ச் சேராது," என்றார்.

மே பதினாறு ஹின்ரிக் தானாகத் தள்ளிவைத்த நாள். மேலிடத்திலிருந்து ஏன் இன்னும் ஸ்வார்ஸன்பூலில் இறங்கவில்லை என்று கேட்டு ஆள் வந்தார். ஹின்ரிக் அமுக்கமானியைத் தட்டினார். "குளிர் சோபி போகமுன்னம் என்ரை தண்ணிக் குழாயளை நான் நம்பமாட்டன்," என்றார். அதே குழாய்கள் பெப்ரவரியில் ஓடியவை. வந்தவருக்கும் அது தெரியும். திரும்பிப் போய்விட்டார்.

பதினான்காம் தேதி மாலையில் கிழக்குக் காற்று முகிலைத் துடைத்தது. பிறகு காற்றும் நின்றது. சமையல் புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே ஏறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமுவேல் கரண்டியைக் கீழே வைத்தார். "நாளைக்கு," என்றார்.

காலையில் வானம் சாம்பல் நிறமாகத் தொடங்கும்போதே எல்லோரும் வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றோம். மூச்சு வெள்ளையாகப் போனது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் கொஞ்சம் ஏற, நிலம் முழுவதும் உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. அந்த வெள்ளைக்குள், வாய்க்காலிலிருந்து மெல்ல வளைந்து போகும் ஒரு வரிசையில், நீள்சதுரமான கறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய அறையின் அளவு. ஒரு வெள்ளைத் துணியில் யாரோ கறுப்பு ஒட்டுகள் வைத்துத் தைத்ததுபோல.

அல்முட் விரலை நீட்டி எண்ணினாள். "நாய். செவிடர். கத்துற தாய்." நாலாவதில் அவள் விரல் நின்றது. மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள். ஐம்பது வயதுப் பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நாலாவது கறுப்புக்குப் போய், அதன் ஓரத்தில் நின்று சப்பாத்தைத் துடைத்துவிட்டு, பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.

சாமுவேலின் கமராவில் படச்சுருள் தீர்ந்திருந்தது. கடைசிப் படத்தைத் தன் வெப்பமானிக்குப் பக்கத்தில் சிரித்தபடி நின்று, அம்மாவுக்கு அனுப்ப எடுத்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டார். சூரியன் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் உருகிவிடும். நில அலுவலர் இருப்பது முப்பது கிலோமீற்றருக்கு அப்பால்.

"முளை அடிப்பம்," என்றேன்.

"முளைக்கு வாயில்லை," என்றார் ஹின்ரிக். தட்ட அமுக்கமானி இல்லாததால் தன் பொத்தானைத் தட்டினார். "முளையை ஆரும் எங்கையும் அடிக்கலாம். ஆள் நிண்டால் கேள்வி கேக்கலாம். சத்தியம் பண்ணலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒராள் போங்கோ. அலுவலர் வருமட்டும் அசையக்கூடாது."

ஒருவனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். அல்முட் தன் வீட்டில் தானே நிற்பேன் என்றாள். ஆனால் பசுக்கள் காத்திருக்கமாட்டா.

"கப்பல்காரா, நீ நில். நடுவில நில். அசைஞ்சியோ, உன்னை இங்கேயே புதைப்பன்."

அவள் சைக்கிளில் போனாள். நாங்கள் பதினொரு பேர், முதலாவது வீட்டில் ஹின்ரிக், பதினோராவதில் சாமுவேல், நடுவில் எஞ்சின்காரர், கம்பிவடக்காரர், கரி அள்ளுகிறவர் எல்லோரும், ஆளற்ற வயலில் ஆளுக்கொரு இடமாக நின்றோம். ஆறு மணிக்குப் பனி உருகிவிட்டது. கறுப்போடு கறுப்பாக எல்லாம் ஒன்றாயிற்று. நாங்கள் மட்டும் நின்றோம்.

"ஏய் மூண்டாம் வீடு, உன்ரை மனுசியைக் கத்தாமல் வைச்சிரு!" என்று ஐந்தாம் வீடு கத்தியது.

"செவிட்டுக் கிழவருக்குக் கேட்டிருக்காது!" என்று ஏழாம் வீடு.

ஹின்ரிக் நின்ற வீட்டைப் பார்த்து யாரோ குரைத்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எட்டாம் வீட்டுக்காரர் மூத்திரம் போகவேண்டும் என்றார். "உன்ரை வீட்டுக்கு வெளியில போ," என்று தீர்ப்பு வந்தது. பாணை வீட்டுக்கு வீடு எறிந்து பிடித்துச் சாப்பிட்டோம். நாற்பது வருடத்துக்கு மேலாக ஆளில்லாமல் கிடந்த ஊர் அந்த மூன்று மணி நேரம் நல்ல சத்தமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு அலுவலரின் கார் வாய்க்கால் மேட்டில் நின்றது. சப்பாத்தில் சேறு படாமல் காற்சட்டையை உயர்த்திக்கொண்டு இறங்கினார். வெறும் வயலில் பதினொரு பேர் சிலைபோல நிற்பதைப் பார்த்தார்.

"ஹின்ரிக், இது என்ன?"

"வீடுகள்," என்றார் ஹின்ரிக்.

அலுவலர் சிரிக்கவில்லை. காரிலிருந்து ஒரு மண்வெட்டி எடுத்துவந்து ஹின்ரிக்கின் காலடியில் தோண்டினார். ஒரு சாணில் வெள்ளை மணல். இரண்டாவது வீட்டுக்கு நடந்தார். தோண்டினார். வெள்ளை மணல். மூன்றாவது. மணல். ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, "நீர் பனி உருகமுன்னம் இங்கைதான் நிண்டனீரோ?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அதற்குள் அல்முட் வந்துவிட்டாள். பண்ணையில் உருளைக்கிழங்குச் செடி எல்லாம் கருகிவிட்டதாம். பண்ணைக்காரர் திட்டியதைக் கேட்டுக்கொண்டே கறந்தாளாம். மூச்சிரைக்க என் பக்கத்தில் நின்றாள். அலுவலர் என் காலடியில் மண்வெட்டியை இறக்கினார். மணல் வந்தது. இன்னொரு முழம் தள்ளி இறக்கினார். மணலுக்கு மேல் வட்டமாகச் சாம்பல், அதற்கு நடுவில் சுட்டுச் சிவந்த களிமண்.

"அடுப்பு," என்றாள் அல்முட். "கதவால உள்ள வந்தா வலக்கைப் பக்கம். இதுக்குப் பின்னால நான் படுக்கிறது. முன்னால அம்மாவும் பூனையும்."

அலுவலர் நிமிர்ந்தார். வாய்க்கால் பக்கம் திரும்பி, ஹின்ரிக்கிலிருந்து தொடங்கி விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினொன்றிலும் மணல் வந்தபிறகு புத்தகத்தை மூடினார். "இது போதும். அன்ட்ராக் ஏற்றுக்கொள்ளப்படும். வீட்டு வரிசையை உழவேண்டாம் எண்டு எழுதுறன். மற்றதை உழுங்கோ."

அல்முட் முதலில் அலுவலரைக் கட்டிப்பிடித்தாள். பிறகு ஹின்ரிக்கின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டியில் அன்றுதான் முதல் தடவையாகச் சேறு பட்டது. அவர் நேரே நடந்துபோய் எஞ்சினின் அமுக்கமானியைத் தட்டினார். நெருப்பு அணைந்திருந்த எஞ்சின் அது. பதினோராம் வீட்டிலிருந்து சாமுவேல், "அண்ணே, நான் இப்ப அசையலாமா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் என் பையைக் கட்டி வைத்திருந்தேன். ஸ்வார்ஸன்பூல் முடிந்ததும் ஹம்பர்க் போய் மறுபடி கப்பல் ஏறுவதாக இருந்தேன். அங்கே கம்பியால் குத்த இனி ஒன்றும் இல்லை. பின்னேரம் அல்முட் வந்து பையைப் பார்த்தாள்.

"எங்க போறாய்?"

"கப்பலுக்கு, அக்கா."

"கிணறு வெட்டுவியோ?"

"காகிதம் வர மாசக்கணக்காகுமே."

"காகிதம் மெல்ல வரட்டும். தண்ணி அதுக்கு முன்னம் வேணும். பண்ணைக்காரர் இனி என்னை வைச்சிருக்கமாட்டார். தன்ரை கிழங்கு என்ரை திரியாலதான் போனதாம். மூண்டு நேரச் சாப்பாடு, படுக்க இடம், மிச்சத்தைப் பிறகு பேசுவம். யாழ்ப்பாணத்தில கிணறு இருக்கோ?"

"வீட்டு வளவுக்கு ஒண்டு இருக்கு," என்றேன். அது உண்மை. நான் ஒரு கிணறும் வெட்டியதில்லை என்பதை அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலாவது வீட்டின் வாசலில், அவள் சப்பாத்தால் கோடு கீறிக் காட்டிய இடத்தில், வெட்டத் தொடங்கினேன். எங்கள் ஊரில் கல்லுடைத்து மாதக்கணக்கில் இறங்குவதைப் பார்த்தவன் நான். இங்கே மண்வெட்டி தானாகப் போனது. ஆறரை மணிக்கு முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா! தண்ணி! கிணறு முடிஞ்சுது!"

அவள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பழுப்பு நிறத் தண்ணீர் என் சப்பாத்துக்கு மேலால் ஏறிக்கொண்டிருந்தது. கால்வாயின் மறுகரைக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

"அது சதுப்பின்ரை தண்ணி. உலகம் தொடங்கினதிலயிருந்து இங்கைதான் கிடக்கு. குடிக்கிற தண்ணி கீழ, மணலுக்குள்ள. ரெண்டாள் ஆழம்."

"ரெண்டாளோ?"

"உன்னைப்போல கட்டை ஆளெண்டா மூண்டு. வெட்டு."

வாளியை வாங்கி முதலில் தண்ணீரை இறைத்தேன். பிறகு மறுபடி மண்வெட்டியை எடுத்தேன்.